தோட்டச் சம்பளம் எந்த மேசையில் தீர்மானமாகுது? கட்சி இல்லாத சின்னக் குழு எங்கே போய்ப் பேசுறது?

பச்சைமலை (தலவாக்கலை):

எல்லாருக்கும் வணக்கம். எங்க பக்கம் நாலைந்து தேயிலைத் தோட்டத்து இளைஞர்களும் மாதர் சங்கத்துப் பெண்களும் சேர்ந்து ஒரு குழு அமைக்கிறாங்க. கட்சி எதுவும் இல்லை. இருக்கிற சங்கங்களுக்குப் போட்டியாகவும் இல்லை. கையில இருக்கிற பிரச்சினை ரெண்டு. ஒண்ணு, சம்பளம் கூடினதும் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோக் கணக்கையும் கூட்டிட்டாங்க. அந்த நிறை வராட்டி அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். ரெண்டாவது, தோட்டத்துக்குள்ள போற பாதை. பிரதேச சபையைக் கேட்டால் கம்பனி என்கிறாங்க, கம்பனியைக் கேட்டால் சபை என்கிறாங்க.

உயர்தர அரசியல் பாடத்துல அமுக்கக் குழுக்கள் என்று ஒரு அலகு இருக்கு. தொழிற்சங்கம், முதலாளிமார் சம்மேளனம் என்று பெயரெல்லாம் படிக்கிறோம். ஆனா அந்தக் குழுக்கள் அரசாங்கத்தை எந்த இடத்துல, எந்த நேரத்துல, எதை வச்சு அசைக்குது என்பது புத்தகத்துல இல்லை. நாட்சம்பளம் 1,350 ரூபா எப்படி வந்தது? 1,700 ஏன் வராமல் போச்சு? கம்பனிகள் எப்படிப் பேசுது? எங்க மாதிரி முப்பது, நாற்பது பேர் உள்ள குழுவுக்கு எந்த இடத்துல வாய் திறக்கலாம்? தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.


ஹட்டன் சந்தி:

தம்பி, சம்பளம் இதுவரை மூணு வழியில தீர்மானமாகியிருக்கு. கூட்டு ஒப்பந்தம், சம்பள நிர்ணய சபை, அரசாங்கத்தின் அறிவிப்பு. ஒவ்வொரு வழியிலயும் யார் கை மேலே இருக்கும் என்பது வேற வேற. இதைக் குழப்பிக்கிட்டா, பேச வேண்டிய ஆளை விட்டுட்டு வேற ஆள்கிட்டப் பேசிக்கிட்டு இருப்போம்.

1992-ல தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போன பிறகு ரொம்ப காலம் நடந்தது கூட்டு ஒப்பந்தம். கம்பனிகள் சார்பில் முதலாளிமார் சம்மேளனம் ஒரு பக்கம். மறுபக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கை தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் கையெழுத்து. கையெழுத்து இல்லாத சங்கங்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் அந்த மேசையில அவங்களுக்கு நாற்காலி கிடையாது. அந்த ஒப்பந்தத்துல சம்பளத்தோட சந்தா பிடிச்சுக் கொடுப்பது, தகராறு வந்தா எந்தப் படியில பேசுறது எல்லாம் இருந்தது. 2021-ல அது நின்றதும் அவையும் ஆட்டம் கண்டது. சந்தா பிடிச்சுக் கொடுப்பதைக் கம்பனிகள் நிறுத்தினதால சங்கங்களுக்கு எவ்வளவு அடி என்பது தோட்டத் தலைவர்களைக் கேட்டால் தெரியும்.

ரெண்டாவது வழி சம்பள நிர்ணய சபை. 1941-ம் ஆண்டு 27-ம் இலக்கச் சட்டத்துல வந்தது. தேயிலைக்கு ஒரு சபை, றப்பருக்கு ஒரு சபை. தொழில் ஆணையாளர் நாயகம் தலைமை. தொழிலாளர் பக்கமும் முதலாளி பக்கமும் சம எண்ணிக்கை. அதோட அமைச்சர் நியமிக்கிற மூணு பேர் வரைக்கும். இந்த மூணு பேரைக் கவனமாப் பாருங்க. ரெண்டு பக்கமும் சமமா இருக்கிற சபையில தராசு சாயிறது அவங்க கையிலதான். 2021-ல கம்பனிப் பிரதிநிதிகள் எதிர்த்தும் 900 சம்பளமும் 100 கொடுப்பனவும் சேர்த்து 1,000 ரூபா பெரும்பான்மையில நிறைவேறியதுக்குக் காரணம் இதுதான். அதாவது அரசாங்கம் மனசு வச்சா இந்தச் சபை அசையும், வைக்காட்டி அசையாது. அதனாலதான் கூட்டு ஒப்பந்த மேசையில கிடைக்காததைச் சங்கங்கள் அமைச்சர் வழியா இங்கே கொண்டுவந்தது.

சபையின் நடைமுறைதான் இதுல முக்கியம். யோசனை வரணும், வாக்கெடுப்பு நடக்கணும். முடிவை வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகையிலும் போட்டு, ஆட்சேபனை சொல்ல நாள் கொடுக்கணும். வந்த ஆட்சேபனைகளைச் சபை எடுத்துப் பார்க்கணும். பிறகு அமைச்சர் அங்கீகாரம், கடைசியா மறுபடி வர்த்தமானி. இதுல எந்தப் படியையாவது அவசரத்துல தாண்டினா, எதிர்ப்பக்கம் அதையே பிடிச்சுக்கிட்டு நீதிமன்றம் போகும்.

2024-ல நடந்ததைப் பாருங்க. ஏப்ரல்ல கம்பனிப் பக்கம் வராததால சபைக் கூட்டமே நடக்காமல் போச்சு. வராமல் இருப்பதும் ஒரு அமுக்கம்தான். மே முதலாம் திகதி கொட்டகலை மேடையில 1,700 என்று ஜனாதிபதி அறிவிச்சார். 1,350-ம் 350-ம் சேர்த்து. கம்பனிகள் உச்ச நீதிமன்றம் போச்சு. ஜூலை 4 இடைக்காலத் தடை வந்தது. பிறகு அந்த வர்த்தமானியை அரசாங்கம் மீளப் பெற்றது. சபை மறுபடி கூடி, செப்டெம்பர் வர்த்தமானியில நின்ற சம்பளம் 1,350. மிச்ச 350 கூடுதல் கொழுந்தோட கட்டின கொடுப்பனவு என்ற பேச்சாப் போச்சு. மேடையில சொன்னதுக்கும் வர்த்தமானியில ஏறினதுக்கும் இடையில நாலு மாசம். அந்த நாலு மாசமும் வேலை நடந்தது சட்டத்தரணிகளின் கோப்புல. ரோட்டுல டயர் எரிச்சவங்களுக்கு அந்தக் கோப்புல என்ன இருந்தது என்று தெரியாது. அதுதான் வேதனை.


கணக்குப் புத்தகம்:

மேலே சொன்னது சரி. நான் அந்த 350 பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் போராட்டம் முழுவதும் உண்மையில் அதன் பெயரைப் பற்றித்தான்.

350 ரூபா சம்பளம் என்ற பெயரில் வந்தால் ஒரு கணக்கு, ஊக்குவிப்பு என்ற பெயரில் வந்தால் வேறு கணக்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) முதலாளி போடுவது 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எப்.) 3 வீதம். 1,350க்கு ஈ.பி.எப். 162 ரூபா, ஈ.டி.எப். 40.50. 1,700 முழுவதும் சம்பளமாக இருந்தால் 204 ரூபாவும் 51 ரூபாவும். ஆளுக்கு ஒரு நாளைக்கு வித்தியாசம் 52.50. மாதம் 25 நாள் வேலை என்றால் 1,312.50. தோட்டத்தில் 500 பேர் பதிவில் இருந்தால் மாதம் 6,56,250 ரூபா. கம்பனி எதற்காக அந்த ஒரு சொல்லுக்காக உச்ச நீதிமன்றம் வரை போகிறது என்பது இதில் தெரியும்.

சேவைக்காலப் பணத்தில் இது இன்னும் பெரிது. 1983-ம் ஆண்டு 12-ம் இலக்கச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். 20 வருடத்துக்கு 280 நாள். 1,350 என்றால் 3,78,000 ரூபா, 1,700 என்றால் 4,76,000. ஓய்வு பெறும் ஒரு அம்மாவின் கையில் 98,000 ரூபா வித்தியாசம்.

இதே விஷயத்தைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். 2016 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30, ஆக 730. 2019 ஒப்பந்தத்தில் அடிப்படை 700, விலைப் பங்கு 50, ஆக 750. செய்தியில் 200 ரூபா உயர்வு என்று வந்தது. எல்லாக் கொடுப்பனவையும் முன்பே எடுத்தவருக்குக் கைக்கு வந்த உயர்வு 20 ரூபா. அதனால் கோபம் வந்தது, அந்தக் கோபம் நியாயம். ஆனால் 700 அடிப்படையானதால் முதலாளியின் ஈ.பி.எப். 60 ரூபாவில் இருந்து 84 ரூபாவானது. வரவு குறைந்தாலும் கிலோ குறைந்தாலும் வெட்ட முடியாத தொகையும் கூடியது. "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று அன்று சொன்னதும் தவறு, "200 ரூபா வாங்கித் தந்தோம்" என்று சொன்னதும் தவறு.

அதே கண்ணோடு 2026 வரவு செலவுத் திட்டத்தையும் படியுங்கள். அடிப்படை 1,350இல் இருந்து 1,550. அதோடு அரசாங்கமே தரும் 200 ரூபா வரவு ஊக்குவிப்பு. ஆக 1,750. அந்த 200 திறைசேரியில் இருந்து வருகிறது. வருடா வருடம் வரவு செலவில் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காத வருடம் அது இல்லை. 1,550 அப்படி அல்ல.

பச்சைமலை கேட்ட கிலோக் கணக்கும் இதே குடும்பம். வர்த்தமானி நாள் சம்பளத்தைச் சொல்கிறது. ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்று சொல்வதில்லை. அது காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் தீர்மானமாகிறது. 15 கிலோவுக்கு 1,350 என்றால் கிலோவுக்கு 90 ரூபா. 20 கிலோ கேட்டால் 67.50. சம்பளம் குறையாமலே கூலி குறைந்துவிட்டது. பல வருடம் பதாகையில் "1,000" என்ற எண்ணை மட்டும் எழுதினோம். கிலோவை யாரும் எழுதவில்லை.


ஊவாக் காற்று (பதுளை):

சங்கங்கள் எல்லாம் விலை போயிட்டுது என்று இங்கே யாராவது எழுதுறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடுறேன். அந்தப் பேச்சுல விளக்கம் எதுவும் இல்லை. ஒரு குழு அரசாங்கத்தை அசைக்குதுன்னா அதன் கையில அரசாங்கத்துக்குத் தேவையான ஏதோ ஒண்ணு இருக்கணும். மலையகத்துக்கு அப்படி இருந்தது ரெண்டே ரெண்டு. தேயிலையும் வாக்கும்.

1947 தேர்தல்ல இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு பேர் பாராளுமன்றம் போனாங்க. 1948-ல பிரஜாவுரிமை போச்சு, 1949-ல வாக்கும் போச்சு. அதுக்குப் பிறகு கையில மிஞ்சினது தேயிலை மட்டும். வாக்கில்லாத மக்களுக்கு எந்த அரசாங்கம் பயப்படும்? வேலை நின்றால்தான் பயம். 1986 தைப்பொங்கல்ல தொடங்கின பிரார்த்தனைப் போராட்டத்தை இந்த இடத்துல நினைக்கணும். பிரஜாவுரிமைதான் கோரிக்கை. வேலைநிறுத்தம் என்று பெயர் வைக்காமல், காலைப் பொழுதுல மலைக்குப் போகாமல் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தாங்க. கொழுந்து முற்றினால் யாராலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஏற்றுமதி வருமானம் அன்றைக்குப் பெருமளவு அந்தக் கொழுந்துல இருந்தது. அதே வருஷம் 5-ம் இலக்கச் சட்டம் வந்து, நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழி திறந்தது. 1984-ல ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்ததையும் இதோட சேர்த்துப் பாருங்க.

வாக்குத் திரும்பி வந்த பிறகு ஆட்டம் மாறிச்சு. விகிதாசாரத் தேர்தல்ல யாருக்கும் எளிதாப் பெரும்பான்மை கிடைக்காது. 1994-ல சந்திரிகாவின் முன்னணிக்கு 105 ஆசனம், முஸ்லிம் காங்கிரசுக்கு 7. 225-ல 113 வேணும், ஒண்ணு குறையுது. அந்த ஒண்ணு நுவரெலியாவில் இருந்து தனியா வென்று வந்த பெ. சந்திரசேகரன். ஒரே ஒரு ஆசனத்தோட பேரம் பேசக்கூடிய நேரம் அது.

இப்போ? தேயிலையில பெரும் பகுதி தென்பக்கச் சிற்றுடைமைத் தோட்டங்கள்ல இருந்து வருது. கம்பனித் தோட்டம் ஒரு வாரம் நின்றாலும் 1986 மாதிரி கொழும்பு நடுங்காது. மிச்சம் வாக்கு. வாக்கை வச்சுப் பேசணும்னா ஆளுங்கட்சியோட இருக்கணும், அமைச்சராகணும். அமைச்சரான தலைவர் அமைச்சரவைக் கூட்டுப் பொறுப்புக்குள்ள இருந்துக்கிட்டே அதே அரசாங்கத்துக்கிட்டச் சம்பளம் கேட்கணும். சங்கம், கட்சி, அமைச்சு மூணும் ஒரே ஆள் கையில இருக்கும்போது தொழிலாளி எங்கே போய் முறையிடுறது? சிக்கல் இந்த அமைப்புல இருக்கு. ஆட்களை மாத்தினாலும் அது அப்படியே நிக்கும்.

ஆனா அதே வழியில கிடைச்சதையும் மறைக்கக் கூடாது. நுவரெலியா, அம்பகமுவ என்ற ரெண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாச்சு. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா புதுசா வந்தது. 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33-ம் பிரிவுதான் தோட்டத்துக்குள்ள சபை பணம் செலவழிக்கத் தடையா இருந்தது. 2018-ல 30-ம் இலக்கச் சட்டத்தால அது திருத்தப்பட்டது. அதுக்குப் பின்னால தன்னார்வ அமைப்புகள் பல வருஷமா எழுதிக் கொடுத்த குறிப்புகள் இருக்கு. அதைக் கையில எடுத்துப் பாராளுமன்றத்துல நகர்த்த உறுப்பினர்கள் இருந்தாங்க. எழுதுறவங்களும் வேணும், நகர்த்துறவங்களும் வேணும். பச்சைமலைக் குழு முதல் வகை.

சங்கங்கள் ஏன் இத்தனை உடைஞ்சிருக்குன்னு கேட்பீங்க. 1935 தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். ஆனா முதலாளி பேச மறுக்கக் கூடாதுன்னா, 1999 திருத்தப்படி வேலைத்தலத்துல 40 வீத அங்கத்துவம் வேணும். ஏழு பேரோட தொடங்குறது சுலபம், 40 வீதம் சேர்க்கிறது மலை ஏறுற வேலை. அந்த இடைவெளியிலதான் அத்தனை சங்கமும் நிக்குது.


தூரல்:

கம்பனிகள் எப்படிப் பேசுகின்றன என்ற கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. சம்பளத்தை விட்டுவிட்டு களைநாசினி விஷயத்தை எடுங்கள், தெளிவாகத் தெரியும்.

2015இல் கிளைபோசேட் தடை வந்தது. சிறுநீரக நோய் பற்றிய பயத்தை முன்வைத்து வேறொரு அமுக்கம் அதைக் கொண்டுவந்தது. தோட்டக்காரர் பக்கம் முதலில் சொன்னது, களை எடுக்க ஆள் இல்லை, செலவு கூடுகிறது என்பது. அமைச்சுகள் அசையவில்லை. எல்லாத் தொழில்காரரும் செலவு கூடுகிறது என்றுதான் சொல்வார்கள். பிறகு வாதம் மாறியது. கிளைபோசேட் இல்லாததால் வேறு களைநாசினி அடிக்கிறார்கள், அதன் எச்சம் தேயிலையில் இருக்கிறது என்று ஜப்பான் பக்கம் கேள்வி எழுப்புகிறது, ஏற்றுமதிச் சந்தை போய்விடும் என்றார்கள். 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. தங்கள் கஷ்டத்தை அரசாங்கத்தின் கவலையாக மாற்றிச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. இதைச் சரி, பிழை என்று சொல்ல நான் வரவில்லை. மருந்து அடிக்கிற தொழிலாளியின் உடம்பு அந்த வாதத்தில் எந்தப் பக்கமும் இடம்பெறவில்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டிய குழு அந்த மேசையில் இல்லை.

இன்னொன்று, அவர்கள் எப்போதும் அங்கேயே இருக்கிறார்கள். இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம் 1854இல் கண்டியில் தொடங்கியது. முதலாளிமார் சம்மேளனம் 1929. தேயிலைச் சபை போன்ற இடங்களில் தொழில்துறைக்கு நாற்காலி சட்டப்படியே உண்டு. வருடாந்தக் கூட்டத்துக்கு அமைச்சரை அழைத்து, அவர் முன்னிலையில் தலைவர் உரையில் கோரிக்கைகளை வாசிப்பார்கள். கையில் எப்போதும் உற்பத்திச் செலவு அட்டவணை இருக்கும். அந்த அட்டவணைக்கு மாற்று அட்டவணை தொழிலாளர் பக்கம் இருந்து வருவது அரிது. எதிர்க் கணக்கு இல்லாத மேசையில், இருக்கிற கணக்குத்தான் உண்மையாகிவிடும்.

அமைச்சர்களைச் சந்தித்து இப்படிப் பேசுகிறவர்கள் பெயர் பதிய வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் இல்லை. யார் யாரைச் சந்தித்தார் என்று நேராக அறிய வழி குறைவு. சுற்றி வளைத்துப் பார்க்கலாம். 2023-ம் ஆண்டு 3-ம் இலக்கத் தேர்தல் செலவுச் சட்டப்படி வேட்பாளர்கள் முடிவு வந்து 21 நாளுக்குள் வரவு செலவு விவரம் கொடுக்க வேண்டும், நன்கொடை உட்பட. அதே வருடத்து ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி சொத்து விவரப் பிரகடனங்களும் பகிரங்கமாகின்றன. பார்க்கிற ஆள்தான் குறைவு.


பச்சைமலை:

எல்லாருக்கும் நன்றி. கிலோவை 67.50 என்று போட்டுப் பார்த்ததும் எங்க வாட்ஸப் குழுவே அமைதியாயிட்டுது. இப்போ காரியத்துக்கு வாறன். கிலோ, பாதை, ரெண்டுக்கும் முதல் அடி எது? அமைச்சருக்கு ஒரு மகஜர், ஐநூறு கையெழுத்தோட கொடுக்கலாம் என்று பெரியவங்க சொல்றாங்க.


கோப்பு இலக்கம்:

மகஜரைப் பிறகு பார்ப்போம். பத்துக் கோரிக்கையும் ஐநூறு கையெழுத்தும் உள்ள மகஜர் அமைச்சில் இருந்து மாவட்டச் செயலகத்துக்கும், அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கும் "பொருத்தமான நடவடிக்கைக்கு" என்று இறங்கி வந்து, கடைசியில் உங்கள் பக்கத்துக் கந்தோரிலேயே படுக்கும். அந்தக் கந்தோருக்கு நீங்களே நேராகப் போனால் ஆறு மாதம் மிச்சம்.

கிலோவுக்கு: கொழுந்துச் சீட்டும் சம்பளச் சீட்டும்தான் ஆயுதம். பத்துப் பேரைத் தெரிவு செய்யுங்கள், மூன்று மாதச் சீட்டைச் சேருங்கள். நாள், மலை இலக்கம், நிறுத்த கிலோ, சாக்குக்கும் தண்ணீருக்கும் கழித்த கிலோ, பேரா அரைப்பேரா என்று ஒரு கொப்பியில் நிரல் போட்டு எழுதுங்கள். ஏன் பத்துப் பேர் என்றால், ஒருவருடைய சீட்டை "அவர் வேலை சரியில்லை" என்று தள்ளிவிடலாம், பத்துப் பேரை அப்படித் தள்ள முடியாது. ஏன் மூன்று மாதம் என்றால், வறட்சி மாதத்தை மட்டும் காட்டினால் பருவத்தைக் காரணம் சொல்வார்கள். பிறகு உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் எழுத்து மூல முறைப்பாடு. சங்கத்தில் இருக்கிறவர்கள் சங்கத்தின் ஊடாகவும் கொடுக்கட்டும், அது தடையில்லை. கேட்க வேண்டியது ஒன்றே: வேலைக்கு வந்து முழு நேரமும் நின்றவருக்கு எந்த விதியின் கீழ் அரைப்பேர் போட்டீர்கள்? பதில் எழுத்தில் வரட்டும். அந்தப் பதில்தான் நாளைக்குச் சம்பள நிர்ணய சபையில் இருக்கும் தொழிலாளர் பிரதிநிதிக்கு நீங்கள் கொடுக்கிற கணக்கு. தூரல் சொன்ன மாற்று அட்டவணை இப்படித்தான் பிறக்கும். சபை அடுத்த முறை ஆட்சேபனைக்கு அறிவித்தல் போட்டால், அந்த நாளுக்குள் அதே அட்டவணையை எழுத்தில் அனுப்புங்கள். கம்பனிகள் தவறாமல் அனுப்புகின்றன.

பாதைக்கு: முதலில் அந்தப் பாதை யாருடையது என்று தெரிய வேண்டும். தோட்டக் காணி அரசுடையது, கம்பனியிடம் இருப்பது 53 வருடக் குத்தகை, 2045இல் முடிகிறது. பாதை பிரதேச சபையின் வீதிப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் 2018 திருத்தம் இருந்தும் சபைச் செயலாளர் பணம் விட யோசிப்பார், கணக்காய்வில் அவர்தான் மாட்டுவார். அப்படியானால் உங்கள் முதல் கோரிக்கை கொங்கிரீட் அல்ல, பாதையைச் சபைக்குப் பாரம் கொடுப்பது. அதற்குக் கம்பனியின் சம்மதக் கடிதம் வேண்டும். தோட்ட மேலாளரான துரையிடம் அந்தக் கடிதத்தை மட்டும் கேளுங்கள். செலவு இல்லாத கடிதம் என்பதால் கொடுக்கக்கூடும்.

இதை அறிய 2016-ம் ஆண்டு 12-ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். பிரதேச சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பம். "ஏன் பாதை போடவில்லை?" என்று கேட்டால் கதை வரும். இப்படிக் கேளுங்கள்: "இன்ன பிரிவில் இன்ன கோவிலடியில் இருந்து இன்ன லயம் வரையான பாதை சபையின் வீதிப் பதிவேட்டில் உள்ளதா? உள்ளதெனில் அந்தப் பக்கத்தின் பிரதி. கடந்த மூன்று ஆண்டுகளில் அதற்கு ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை, ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த வவுச்சரின் பிரதி." கேட்பது ஆவணமாக இருந்தால் மழுப்ப முடியாது. 14 வேலை நாளில் பதில் தர வேண்டும். மேலும் நாள் தேவை என்றால் 21 நாள் வரை நீட்டலாம், அதையும் அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்கும் சரி வராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பதில் கையில் வந்த பிறகுதான் அரசியல்வாதி. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஏற்றச் சொல்லிப் பிரதேச செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம், பிரதி எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும். ஒரு கட்சிக்கு மட்டும் கொடுத்தால் அடுத்த தேர்தலோடு உங்கள் பாதையும் தோற்கும். சபையின் வருகிற ஆண்டு வரவு செலவு டிசம்பருக்குள் முடிந்துவிடும், ஆகவே கடிதம் செப்டெம்பரிலேயே போக வேண்டும். நவம்பரில் போகும் கடிதம் நல்ல கடிதமாக இருந்தாலும் அதற்கு ஒதுக்கப் பணம் இருக்காது.

குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். ஒரு உறுப்பினர் வந்து படம் எடுத்து, அடிக்கல் நாட்டினால் வேலை முடிந்தது என்று எல்லாரும் கலைந்துவிடுகிறார்கள். கூட்டக் குறிப்பில் முடிவு எழுதப்பட்டதா, யார் பொறுப்பு, எந்தத் திகதி என்று பார்க்க ஒரே ஒருவரை நியமியுங்கள். மாதர் சங்கத்தில் சீட்டுக் கணக்குப் பார்க்கிற அக்கா ஒருவர் இருந்தால் அவரே பொருத்தம்.


ஊவாக் காற்று (பதுளை):

மகஜரும் கொடுக்கலாம், ஆனா பாராளுமன்றப் பொது மனுக் குழுவுக்கு. உறுப்பினர் ஒருவர் வழியாத்தான் சமர்ப்பிக்கணும். மேலே சொன்ன கந்தோர்ப் பதில்களை இணைச்சு அனுப்பினாத்தான் அதுக்குப் பலம்.


பச்சைமலை:

கிலோவை முதல்ல எடுக்கிறோம். திங்கட்கிழமை தொடங்கிச் சீட்டு சேர்க்கப் போறோம். கடைசியா ஒண்ணு. தகவல் விண்ணப்பத்தைத் தமிழ்ல எழுதலாமா? சபைக் கந்தோர்ல சிங்களத்துல எழுதிக் கொண்டுவாங்க என்றுதான் சொல்லுவாங்க என்று பயப்படுறாங்க.


கோப்பு இலக்கம்:

தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் கேட்டே எழுதுங்கள். அது உங்கள் உரிமை. இரண்டு பிரதி கொண்டு போய் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை இல்லாமல் கந்தோரை விட்டு வராதீர்கள். 14 வேலை நாளையும் அந்தத் திகதியில் இருந்துதான் எண்ண வேண்டும்.